'ஆட்டோ'வில் விட்ட முகப்பு விளக்கும் எதிரில் வருபவரின் கண்ணும்

கேள்வி இதுதான்: "புதிய கார் வாங்கியதிலிருந்து முகப்பு விளக்கை எப்போதும் 'ஆட்டோ' நிலையிலேயே வைத்திருக்கிறேன். அப்படியிருந்தும் இரவில் திண்டிவனம் சாலையில் எதிரில் வருகிற லாரிக்காரர்கள் என்னைப் பார்த்து லைட் அடித்துக் காட்டுகிறார்கள். அவர்களில் பலர் டிம் செய்வதே இல்லை, எனக்குத்தான் கண் கூசுகிறது. தவறு யாருடையது? எல்லா வண்டிகளிலும் தானியங்கி விளக்கு வந்துவிட்டால் இந்தத் தொல்லை தீருமா?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுருக்கமானது: தீராது. தானியங்கி விளக்கு தன் மேல் விழுகிற வெளிச்சத்தை மட்டுமே அளக்கிறது. எதிரில் வருபவருக்குக் கண் கூசுகிறதா, பின்னால் வருபவருக்கு உங்கள் வண்டி தெரிகிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த அளவீட்டில் பதில் கிடையாது. விளக்கின் வேலையில் பாதிக்கு மேல் இந்த இரண்டு கேள்விகளில்தான் அடங்கியிருக்கிறது. முதல் கேள்விக்குப் பதில் சொல்லச் சற்று நேரமாகும். பதிலின் ஒரு பகுதி உங்கள் காரிலேயே இருக்கிறது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

'ஆட்டோ' என்று ஒரே பெயரில் இரண்டு வேறு வசதிகள் புழங்குகின்றன. இருட்டினால் விளக்கை எரியவிட்டு, வெளிச்சம் வந்தால் அணைப்பது ஒன்று. எதிரில் வண்டி வந்தால் ஹைபீமை (தொலைவுவரை நேராகப் பாயும் ஒளியை) லோபீமுக்கு (கீழ்நோக்கி விழும் ஒளிக்கு) தானே தாழ்த்துவது மற்றொன்று. நடுத்தர விலைக் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது முதலாவது மட்டுமே. அந்த வசதி விளக்கை எரியவிடுமே தவிர, எரிகிற விளக்கு ஹைபீமா லோபீமா என்பதில் தலையிடாது. ஸ்டியரிங்கின் பக்கத்திலுள்ள லீவர் முன்பக்கம் தள்ளப்பட்டிருந்தால், பல கார்களில் விளக்கு எரியத் தொடங்கும்போதே ஹைபீமில்தான் எரியும். "ஆட்டோவில்தானே இருக்கிறது, கார் பார்த்துக்கொள்ளும்" என்று நம்பி, சென்னையிலிருந்து விழுப்புரம் வரை ஹைபீமிலேயே ஓட்டிச் செல்கிறவர்கள் நிறையப் பேர். எதிரில் வருகிற லாரிக்காரர் லைட் அடித்துக் காட்டுவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

சரிபார்ப்பது எளிது. டேஷ்போர்டில் நீல நிறத்தில் ஒரு சிறிய விளக்குப் படம் எரிகிறதா என்று பாருங்கள். நீலம் என்றால் ஹைபீம். பச்சையாக எரிவது லோபீமையோ பக்க விளக்குகளையோ குறிக்கும். பத்து ஆண்டுகள் வண்டி ஓட்டியவர்களிடம் இதைக் கேட்டாலும் சிலர் திகைத்துப்போகிறார்கள். இருசக்கர வாகனங்களில் நிலைமை இன்னும் மோசம். 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கு தானாக எரியவேண்டும் என்று விதி வந்தது. அதன்பின் வந்த பெரும்பாலான வண்டிகளில் விளக்கை அணைக்கும் சுவிட்சே இல்லை. ஆனால் ஹைபீம் சுவிட்ச் இருக்கிறது. பகலில் தெரியாமல் கை பட்டு அது மேலே போய்விட்டால், வெயிலில் அந்த நீல விளக்கு கண்ணில் படாது. இருட்டியபின்னும் வண்டி அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். (அந்த விதி வந்த புதிதில், "லைட் எரியுது" என்று விரல்களைக் குவித்து விரித்துக் காட்டிய நல்ல மனிதர்களுக்குப் பதில் சொல்லியே பலர் களைத்துப்போனார்கள். இப்போது யாரும் காட்டுவதில்லை, ஹைபீமில் வந்தால்கூட.)

நீல விளக்கு எரியாதபோதும் எதிரில் வருபவர்கள் லைட் அடித்துக் காட்டினால், உங்கள் லோபீம் இருக்கவேண்டிய உயரத்தில் இல்லை என்று பொருள். இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். லோபீம் என்பது மங்கலான விளக்கு அல்ல. மேல் விளிம்பு கத்தரித்துவிட்டதுபோல் வெட்டப்பட்ட ஒளி. இடப்பக்கம் செல்லும் நம் நாட்டு முறையில், அந்த விளிம்பு இடது ஓரத்தில் மட்டும் சற்றே மேலே ஏறும். சாலையோரத்தில் நடப்பவரையும் பெயர்ப் பலகைகளையும் காட்டுவதற்காக அப்படி அமைக்கிறார்கள். வலப்பக்கம், அதாவது எதிரில் வருபவர் இருக்கும் பக்கம், விளிம்பு தாழ்ந்தே இருக்கும். பொதுவாக நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது 10 மீட்டர் தொலைவில் 10 சென்டிமீட்டர் கீழே இறங்கும்படி அதைச் சாய்த்து வைத்திருப்பார்கள். விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அந்த ஒளியின் விளிம்பு 65 மீட்டரில் தரையைத் தொடும்.

இப்போது பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் ஒரு மூட்டை அரிசி, தேங்காய், பெட்டிகள். காரின் பின்பக்கம் 5 சென்டிமீட்டர் தாழ்கிறது. முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2.5 மீட்டர் என்றால், கார் நூற்றுக்கு இரண்டு பங்கு மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டது. ஒரு பங்கு கீழே பார்த்துக்கொண்டிருந்த ஒளி இப்போது ஒரு பங்கு மேலே பார்க்கிறது. 50 மீட்டர் தொலைவில் அது 65 சென்டிமீட்டரோடு இன்னொரு 50 சென்டிமீட்டர் ஏறி, 115 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். எதிரில் வருகிற சாதாரணக் காரின் ஓட்டுநருக்குக் கண் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கிறது. நீங்கள் லோபீமில்தான் போகிறீர்கள், ஆனால் அவருக்கு அது ஹைபீம்.

இதற்காகவே டேஷ்போர்டில், பல கார்களில் ஸ்டியரிங்கின் வலது கீழ்ப்பக்கத்தில், 0 முதல் 3 வரை எண்கள் போட்ட ஒரு சிறிய திருகு இருக்கும். ஓட்டுநர் மட்டும் இருந்தால் 0. ஆளும் பாரமும் கூடக்கூட எண்ணையும் கூட்டவேண்டும். எந்தப் பாரத்துக்கு எந்த எண் என்பது காரோடு வந்த கையேட்டில் அட்டவணையாக இருக்கும். வாங்கிய நாளிலிருந்து அந்தத் திருகு 0-வை விட்டு நகராத கார்கள்தான் மிகுதி. தானியங்கியாக எத்தனையோ வசதிகளை விளம்பரப்படுத்துகிற நிறுவனங்கள், மாதக்கணக்கில் தொடப்படாமல் கிடக்கிற இந்தச் சிறிய சக்கரத்தைக் காரை ஒப்படைக்கும்போது ஒரு முறையாவது காட்டிக்கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மேல்நிலைக் கார்கள் சிலவற்றில் பாரத்தை உணர்ந்து விளக்கு தானே தாழும். உண்மையிலேயே பயனுள்ள தானியங்கி வசதி என்று நான் சொல்வது அதைத்தான். அதை யாரும் விளம்பரப் படத்தில் காட்டுவதில்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம். சமதரையில் ஒரு சுவருக்கு நேராக 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும், டிக்கி காலியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். லோபீமைப் போட்டால், இடது ஓரத்தில் மேலே ஏறுகிற பகுதியை விட்டு, ஒளியின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர் கீழே விழவேண்டும். அந்த விளிம்பு கோட்டைத் தொட்டாலோ தாண்டினாலோ சர்வீஸ் சென்டரில் சொல்லிச் சரிசெய்ய வேண்டும். விளக்குக்குப் பின்னாலுள்ள திருகைக் கொஞ்சம் திருப்புகிற வேலைதான் அது. பம்பரில் இடித்து விளக்கு மாற்றியிருந்தால், சஸ்பென்ஷன் வேலை பார்த்திருந்தால், இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்துவிடுங்கள்.

சோதனையில் மேல் விளிம்பே சரியாகத் தெரியாமல் ஒளி சுவர் முழுவதும் அப்பியதுபோல் விழுந்தால், யாரோ பல்பை மாற்றியிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. நம் சாலைகளில் பெருவாரியாக உள்ள எச்-4 ஹாலஜன் பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். ஹைபீமுக்கு 60 வாட், லோபீமுக்கு 55 வாட். லோபீம் இழைக்கு அடியில் மட்டும், நகக்கண் அளவில், தகட்டால் செய்த சிறிய தொட்டி போன்ற ஒரு மறைப்பு இருக்கும். அந்த இழையின் ஒளி கீழ்ப்பக்கம் போய் விளக்கின் அடிப்பாதியில் பட்டு மேல்நோக்கித் தெறிக்காமல் தடுப்பது அந்தத் தகடுதான். சாலையில் தெரிகிற அந்தக் கூரான விளிம்பு முழுவதும் இந்த ஒரு தகட்டையும், இழை நிற்கிற மில்லிமீட்டர் கணக்கான இடத்தையும் நம்பியிருக்கிறது. உதிரிபாகக் கடையில் விற்கிற எல்இடி பல்பை அதே ஓட்டையில் பொருத்தும்போது, ஒளி பிறக்கிற இடம் மாறிவிடுகிறது. இழை இருந்த இடத்தில் இப்போது தடிமனான ஒரு பலகையின் இரண்டு பக்கங்களில் ஒட்டிய சில்லுகள் இருக்கின்றன. பிரதிபலிப்பான் அவற்றுக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. ஓட்டுபவருக்குத் தன் பானெட்டுக்கு முன்னால் பளீரென்று வெள்ளை வெளிச்சம் தெரிவதால் மனம் நிறைகிறது. அருகில் அளவுக்கு மீறிய வெளிச்சம் இருந்தால் தொலைவு முன்னைவிட இருட்டாகத் தெரியும் என்பதை அவர் கவனிப்பதில்லை. மிச்ச ஒளி எதிரில் வருபவரின் கண்ணுக்குப் போகிறது. தொழிற்சாலையிலேயே எல்இடிக்கென வடிவமைத்துப் பொருத்திய விளக்குகளுக்கு இந்தக் குறை கிடையாது; அவற்றில் விளிம்பு ஹாலஜனைவிடக் கூர்மையாகவே இருக்கும். 90/100 வாட் ஹாலஜன் போட்டுக்கொள்பவர்களும் வேறு வழியில் இதே தொல்லையைத்தான் தருகிறார்கள்.

கண் கூசும்போது என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் தப்பிக்கும் வழி அதிலேயே இருக்கிறது. எதிரிலிருந்து வருகிற கடும் ஒளி கண்ணுக்குள் நுழைந்ததும், விழிவில்லையிலும் கண்ணின் மற்றப் பகுதிகளிலும் சிதறி, நாம் பார்க்கிற காட்சி முழுவதன் மீதும் ஒரு வெண்திரை போட்டதுபோல் படர்கிறது. கறுப்புச் சட்டை போட்டு நடப்பவரும், விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கிற டிராக்டர் டிரெய்லரும் அந்தத் திரைக்குள் மறைந்துவிடுவார்கள். வயது ஏற ஏற விழிவில்லை கலங்குவதால் சிதறலும் கூடும். ஆகவே அறுபது வயதுக்காரர் "இரவில் ஓட்ட முடியவில்லை" என்று சொன்னால் அது வெறும் பயம் அல்ல. அந்த வெண்திரையின் அடர்த்தி, நாம் பார்க்கும் திசைக்கும் ஒளி வரும் திசைக்கும் இடையிலுள்ள கோணத்தின் இருமடிக்கு எதிர் விகிதத்தில் மாறுகிறது. கோணத்தை இரண்டு மடங்காக்கினால் திரை கால் பங்காகிவிடும். கண் கூசும்போது பார்வையை எதிர் விளக்கிலிருந்து எடுத்து, சாலையின் இடது ஓரத்திலுள்ள வெள்ளைக்கோட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சொல்வதற்கு அடிப்படை இதுதான். கூடவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. கூச்சம் தெளிய மூன்று நொடி ஆனாலும் 66 மீட்டர் குருடாக ஓட்டியிருக்கிறோம். முன்கண்ணாடியின் உட்புறம் படிகிற மெல்லிய எண்ணெய்ப் படலமும், வைப்பர் இழுத்த வளைவுக் கீறல்களும் இந்தச் சிதறலை இன்னும் கூட்டும். மாதம் ஒரு முறை உட்புறக் கண்ணாடியைத் துடைப்பதற்குச் செலவே கிடையாது.

அப்படியானால் ஏன் டிம் செய்வதில்லை? திமிர் என்று சொல்லிவிட்டுப் போகலாம். சிலரிடம் அது உண்மையும்கூட. ஆனால் பெரும்பாலானோருக்குக் காரணம் வேகம். லோபீமில் கறுத்த ஆடை அணிந்தவர் தெளிவாகத் தெரிவது ஐம்பது அறுபது மீட்டருக்குள்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி எடுத்துக்கொண்டால், உலர்ந்த சாலையில் கார் நிற்க ஏறத்தாழ 48 மீட்டர் வேண்டும். லோபீமுக்குள் அடங்கிவிடுகிறது. 80-இல் அதே கணக்கு 74 மீட்டர். 100-இல் 106 மீட்டர். ஆகவே நூறில் பறக்கிறவர் லோபீமில் ஓட்டினால், தான் பார்க்கக்கூடிய தூரத்துக்குள் தன்னால் நிறுத்த முடியாத வேகத்தில் ஓட்டுகிறார். அந்த அச்சம் அவருக்கு உள்ளூர இருக்கிறது. அதற்கு மருந்தாக அவர் வேகத்தைக் குறைப்பதில்லை, எதிரில் வருபவரின் பார்வையைப் பறித்து ஹைபீமில் போகிறார். அவரைக் கண்டு கோபம் கொண்ட எதிர்த்தரப்பாரும் பதிலுக்கு ஹைபீம் போட்டால், ஒன்றையொன்று நொடிக்கு 44 மீட்டருக்கும் மேல் நெருங்குகிற இரண்டு வண்டிகளிலும் பார்வையுள்ள ஓட்டுநர் என்று ஒருவருமே இல்லை.

சாலைகள் மாறியதும் ஒரு காரணம். பழைய அம்பாசிடரிலும் லாரிகளிலும் கிளட்ச் பெடலுக்கு இடப்புறம் தரையில் ஒரு பொத்தான் இருக்கும். எதிரில் வண்டி தெரிந்ததும் இடது கால் தானாகப் போய் அதை அமுக்கும். இருவழிச் சாலையில் எதிர் வண்டி கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போகும் என்பதால் அது உயிர் காக்கும் பழக்கமாக இருந்தது. நான்குவழிச் சாலைகள் வந்து நடுவில் சென்டர் மீடியன் எழும்பியதும், "அவர் வேறு சாலையில் வருகிறார், எனக்கென்ன" என்ற எண்ணம் வந்துவிட்டது. நடுவில் வரிசையாக அரளி நட்டிருப்பது பூவுக்காக மட்டும் அல்ல. ஆடு மாடு தின்னாத, தண்ணீர் அதிகம் கேட்காத அந்தச் செடி எதிர் ஒளியை மறைப்பதற்காகவே அங்கே நிற்கிறது. செடி பட்டுப்போன இடங்களிலும், ஊருக்குத் திரும்புகிற திறப்புகளிலும் மட்டும் ஒளி சட்டென்று முகத்தில் அடிக்கும். இருட்டில் ஆட்களும் வண்டிகளும் குறுக்கே வருவதும் அதே திறப்புகளில்தான். சேலம்–உளுந்தூர்பேட்டைச் சாலை போடப்பட்டபோது, நான்கு வழியாக வந்து ஊர்ப் புறவழிகளில் இருவழியாகச் சுருங்கியது. நான்கு வழியில் ஹைபீமுக்குப் பழகிய கை, சுருங்கிய இடத்திலும் லீவரைத் தொடாது. போதாக்குறைக்கு, ஓட்டுநர் உரிமத்துக்கான தேர்வு பகலில் நடக்கிறது. 'எச்' போடவும் '8' போடவும் தெரிந்தால் உரிமம் கிடைத்துவிடுகிறது. இரவில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை.

இனி, தானே தாழும் ஹைபீமுக்கு வருகிறேன். இது புதிய கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். 1952-இலேயே அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 'ஆட்ரானிக் ஐ' என்ற பெயரில் ஒளியுணர் குழாயை டேஷ்போர்டின் மேல் வைத்து விற்றது. இப்போது அந்த வேலையை முன்கண்ணாடிக்குப் பின்னாலுள்ள கேமரா செய்கிறது. இருட்டில் நகர்கிற இரண்டு வெள்ளைப் புள்ளிகளை எதிர் வண்டி என்றும், சிவப்புப் புள்ளிகளை முன்னால் போகிற வண்டி என்றும் அடையாளம் கண்டு தாழ்த்துகிறது. நேரான, காலியான சாலையில் நன்றாகவே வேலை செய்கிறது. மறதிக்காரர் கையில் இருப்பதைவிடக் கேமராவின் கையில் இருப்பதே மேல் என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் அது தேடுவது விளக்கை, மனிதனை அல்ல. சைக்கிளில் வருகிறவருக்கும், நடந்து வருகிறவருக்கும், பின்விளக்கு எரியாத மாட்டுவண்டிக்கும் டிம் செய்யவேண்டும் என்று அதற்குத் தோன்றாது. வளைவிலும் மேட்டிலும் எதிர் விளக்கு கண்ணில் பட்ட பிறகுதான் அது தாழ்த்தும். நல்ல ஓட்டுநரோ, மேட்டுக்கு அப்பால் வானத்தில் தெரிகிற மங்கலான வெளிச்சத்தைப் பார்த்தே தாழ்த்திவிடுவார். உங்கள் கார் இந்த வகையைச் சேர்ந்ததாக இருந்தால், லாரிக்காரர்கள் குறிப்பாக உங்களுக்கு லைட் அடிப்பதற்கு ஒரு காரணம் அந்த அரளிச் செடிதான். லாரியின் முகப்பு விளக்குகள் செடிக்குக் கீழே மறைந்திருக்கின்றன. லாரி ஓட்டுநரின் கண் செடிக்கு மேலே இருக்கிறது. கேமராவுக்கு எதிரில் யாருமே இல்லை என்று தோன்றுவதால் ஹைபீம் அப்படியே எரிகிறது. அது நேராக அவர் முகத்துக்குப் போகிறது. ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் நடுத்தடுப்புக்கு அப்பாலுள்ள லாரி ஓட்டுநர்களுக்கும் இதே தொல்லை உண்டு. எதிர் வண்டி இருக்கிற பகுதிக்கு மட்டும் ஒளியை மறைத்து மற்ற இடங்களில் ஹைபீமை விட்டுவைக்கிற புதுவகை விளக்குகள் இதைவிட நுட்பமானவை. அமெரிக்கா அவற்றை 2022-இல்தான் அனுமதித்தது. நம்மூரில் விலை உயர்ந்த சில கார்களில் இருக்கின்றன. அவையும் புள்ளி ஒளியைக் கண்டால்தான் மறைக்கும்.

இருட்டினால் எரிகிற சாதாரணத் தானியங்கிக்கு வேறொரு குறை உண்டு. இதில்தான் உயிருக்கு ஆபத்து அதிகம் என்று நான் நினைக்கிறேன். ஐக்கிய நாடுகள் வாகன ஒழுங்குமுறைகளில் 48ஆம் எண்ணுடையது இந்த உணரிக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. சுற்றுப்புற வெளிச்சம் 1,000 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) கீழே போனால் இரண்டு நொடிக்குள் லோபீம் எரியவேண்டும். 7,000 லக்ஸுக்கு மேல் இருந்தால் அணையவேண்டும். இரண்டுக்கும் இடையில் நிறுவனத்தின் விருப்பம். இப்போது போகிப் பண்டிகைக் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி முடிவின் பனியோடு பழைய பாயும் டயரும் எரித்த புகை சேர்ந்து, மீனம்பாக்கத்தில் விமானங்களையே நிறுத்திவைத்த ஆண்டுகள் உண்டு. மணி ஏழரை. சூரியன் எழுந்துவிட்டது, புகைமூட்டம் முழுவதும் வெண்மையாக ஒளிர்கிறது. ஐம்பது மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை, ஆனால் உணரிக்கு வெளிச்சம் போதுமானதாக இருக்கிறது. விளக்கு எரியாது. ஊட்டி மலைப்பாதையில் பகல் பன்னிரண்டு மணி மேகத்துக்குள்ளும் இதே கதைதான்.

காரின் முன்பக்கம் பகலொளி விளக்கு, அதாவது டிஆர்எல், எரிந்துகொண்டிருப்பதால் ஓட்டுநருக்கு விளக்கு போட்டிருக்கிற நினைப்பு வேறு. பெரும்பாலான கார்களில் டிஆர்எல் எரியும்போது பின்விளக்கு எரியாது. முன்காலத்தில் விளக்கு போடாவிட்டால் ஸ்பீடாமீட்டரே இருட்டாகக் கிடக்கும், அதுவே நினைவூட்டும். இப்போதைய டிஜிட்டல் மீட்டர்கள் எப்போதும் ஒளிர்கின்றன. ஆகவே முன்னால் விளக்குடனும் பின்னால் இருட்டாகவும் ஓடுகிற கார்கள், தெருவிளக்கு நிறைந்த நகரச் சாலையில் இரவில்கூடத் தென்படுகின்றன. கனடாவில் இந்தத் தொல்லை மிகுந்துபோய், 2021 செப்டம்பர் முதல் விற்கப்படும் புதிய வாகனங்களுக்கு விதி கொண்டுவந்தார்கள்: டிஆர்எல் எரியும்போது பின்விளக்கும் எரியவேண்டும், அல்லது இருட்டில் எல்லா விளக்குகளும் தானே எரியவேண்டும், அல்லது விளக்கு போடும்வரை ஓட்டுநரின் மீட்டர் இருட்டாக இருக்கவேண்டும். மூன்றாவது வழி பழைய காரின் குணத்தையே சட்டமாக்கியது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

எனவே மழை, பனி, புகை மூன்றிலும் கையால் லோபீமைப் போடுங்கள். மூடுபனியில் ஹைபீம் போட்டால் ஒளி பனித்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். அதனால் அதைத் தொடக்கூடாது. மழையில் நான்கு இண்டிகேட்டர்களையும் மினுக்கிக்கொண்டு ஓட்டுகிற வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்: நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப்போகிறீர்கள், ஓடுகிறீர்களா நின்றுவிட்டீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாமல் செய்வதைத் தவிர அதனால் பயன் இல்லை.

அவசரத்தில் தானே பிரேக் போடுகிற வசதியைப் பற்றியும் ஒரு சொல். அது இருப்பதால் இரவில் துணிந்து ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் பெருகிவருகிறார்கள். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், பாதசாரிகளைக் கண்டு பிரேக் போடும் அமைப்பு உள்ள கார்கள் அவர்கள்மீது மோதுவது மொத்தத்தில் 27 விழுக்காடு குறைந்திருந்தது. தெருவிளக்கில்லாத இருட்டுச் சாலைகளில் மட்டும் எந்த வேறுபாடும் இல்லை. கேமராவுக்கும் வெளிச்சம் வேண்டும் அல்லவா.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அதன் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் வைத்திருப்பவருக்குக் கூசாதபடி ஒளி கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆம் பிரிவிலுள்ள பொது அபராதம்: 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறை 500 ரூபாய் வரை, மறுமுறை 1,500 ரூபாய் வரை. நூறு கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போகிற வண்டியின் ஹைபீமை நிறுத்திப் பிடிக்கிற காவலரை நெடுஞ்சாலையில் அரிதாகத்தான் பார்க்க முடியும். முன்பெல்லாம் விளக்குக் கண்ணாடியின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். பழைய விளக்குகளில் அது ஓரளவு பயன்பட்டிருக்கலாம். விளிம்பு துல்லியமாக வெட்டப்பட்ட இன்றைய விளக்குகளில் அது வெளிச்சத்தைக் குறைக்குமே தவிர, கூச்சத்தை அதன் மூலத்தில் சரிசெய்யாது.

இனி உங்கள் முதல் கேள்வி, தவறு யாருடையது என்பது. டிம் செய்யாத லாரிக்காரர் தவறு செய்கிறார், அதில் ஐயமில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். லாரிக்கு முதல் எட்டு ஆண்டுகளில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி., அதாவது தகுதிச் சோதனை, உண்டு, அப்போது விளக்கையும் பார்க்க வேண்டும் என்பது முறை. சொந்தக் காருக்கு 15 ஆண்டுகள் கழித்துப் பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் முதல் தகுதிச் சோதனை. அதுவரை உங்கள் விளக்கு எங்கே பார்க்கிறது என்று கேட்க எந்த அதிகாரியும் வரமாட்டார். எதிரில் வருபவர் அடித்துக் காட்டுகிற லைட் ஒன்றுதான் உங்களுக்குக் கிடைக்கிற சோதனை அறிக்கை. அடுத்த சர்வீஸுக்கு விடும்போது, வேலைப் பட்டியலில் 'ஹெட்லைட் அலைன்மென்ட்' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பெரிய சர்வீஸ் சென்டர்களில் அதை அளக்கும் கருவி இருக்கும். கேட்டால்தான் வெளியே எடுப்பார்கள்.